காணாமல் போனவர்களுக்கு ஒரு கட்டம்

மார்ச் 3, காலை 11.20
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

வணக்கம் தையல்காரி!

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்! இங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இன்று உங்கள் முதல் திருத்தத்தைச் செய்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்! தயங்காமல் எழுதுங்கள். தவறினால் கைகொடுக்க நாங்கள் இருக்கிறோம்!

மேலே இருப்பது புதிதாக வரும் எல்லாருக்கும் போடுகிற அச்சு வாசகம். இனி உங்களுக்கு மட்டும்.

'வெண்பறவை (சரக்குக் கப்பல்)' என்ற பக்கத்தில் "பணியாளர் பதினேழு பேரும் இறந்தனர்" என்று இருந்த வரியை நீங்கள் "பதினேழு பேரையும் காணவில்லை, இரண்டாவது உயிர்காப்பு மிதவை இன்னும் கிடைக்கவில்லை, அதனால் உயிரோடுதான் இருப்பார்கள்" என்று மாற்றியிருந்தீர்கள். அதை எடுத்துவிட்டுப் பழைய வரியைத் திரும்பப் போட்டிருக்கிறேன். பழைய வரிக்கு பிப்ரவரி 18-ம் தேதி நாளிதழ் சான்றாக இருக்கிறது. உங்கள் வரிக்குச் சான்று எதுவும் இல்லை. நமக்கே தெரிந்தது, காதில் விழுந்தது, இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, இவை எதையும் இங்கே எழுதக் கூடாது. அச்சில் வந்ததை மட்டுமே எழுதலாம்.

மற்றபடி உங்கள் நடை தெளிவாக இருக்கிறது. முற்றுப்புள்ளியை வைக்கவேண்டிய இடத்தில் வைக்கிறீர்கள். புதியவர்களில் பாதிப் பேர் வைப்பதில்லை. பதில் எழுத வேண்டும் என்றால் என் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள், இங்கே ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு, யாரும் படிக்கலாம்.

நத்தை

*

மார்ச் 3, மதியம் 2.05
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

நத்தை அவர்களுக்கு,

நான் எழுதி நான்கே நிமிடத்தில் வந்து அழித்திருக்கிறீர்கள். முதலில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயருக்கு ஏற்றபடி நான் தையல்காரிதான். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை வாங்க வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, கட்டிங் மேசையில் போனை வைத்து, அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கே தட்டினால் எழுத விடும் என்று கண்டுபிடிக்கவே முக்கால் மணி. வாங்க வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துவிட்டு, உள்ளே காலை வைத்ததும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குப் பெயர்தான் உங்கள் ஊரில் வரவேற்பா?

அந்தப் பதினேழு பேரில் ஒருவன் என் தம்பி. முப்பத்துநாலு வயது. இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. கப்பலின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பீப்பாய்க்குள் இரண்டு மிதவைகள் இருக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவற்றின் கொக்கிகளுக்கு எண்ணெய் போடுவது அவன் பொறுப்பு. "நம்ம போடுற எண்ணெய்லதான்க்கா பதினேழு உசிரு இருக்கு" என்று போனில் பெருமை அடித்துக்கொள்வான். பிப்ரவரி 11-ம் தேதி கப்பல் கடலில் காணாமல் போனது. ஒரு மிதவை காலியாகக் கிடைத்தது. இன்னொன்று எங்கே?

தெற்கே ஆள் இல்லாத சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. அங்கே ஒரு படகு அனுப்பிப் பாருங்கள் என்று எல்லாக் குடும்பமும் சேர்ந்து பிப்ரவரி 26-ம் தேதி துறைமுக அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கப்பல் சமையல்காரரின் மனைவி முதல் கையெழுத்து, நான் இரண்டாவது. நேற்று மனு திரும்பி வந்துவிட்டது. பதினேழு பேரும் இறந்துவிட்டதாகப் பத்திரிகையிலேயே வந்துவிட்டதாம், தேடுவதற்கு ஒன்றும் இல்லையாம்.

"உயிரோடுதான் இருப்பார்கள்" என்பது ஆசையில் எழுதியது. சரி, அதை வெட்டிவிடுங்கள். "இறந்தனர்" என்பதை மட்டும் யார் கண்ணால் பார்த்து எழுதினார்கள்? நீங்கள் பார்த்தீர்களா?

*

மார்ச் 4
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

அன்புள்ள தையல்காரி,

உங்கள் இழப்புக்கு மனமார வருந்துகிறேன். நேற்றைய என் குறிப்பு அந்த நேரத்தில் எப்படி ஒலித்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் உறவினர் என்பதால், இந்தப் பக்கத்தை நீங்கள் தொடாமல் இருப்பதே நல்லது. தன் வீட்டுச் செய்தியைத் தானே எழுதினால் கை ஒருபக்கம் சாய்ந்துவிடும். அதற்காக உங்களைச் சந்தேகப்படுகிறேன் என்று அர்த்தம் இல்லை. என் வீட்டு விஷயம் என்றால் நானும் தொட மாட்டேன்.

பத்திரிகைச் செய்தி தவறு என்றால், வேறொரு பத்திரிகையோ அரசு அறிவிப்போ அப்படிச் சொல்லட்டும். அன்றைக்கே நானே மாற்றுகிறேன்.

நத்தை

*

மார்ச் 5
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

இழப்பு என்று யார் சொன்னது உங்களுக்கு? நீங்கள் போட்ட வரியைப் படித்துவிட்டு நீங்களே துக்கம் விசாரிக்க வருகிறீர்களா?

நேற்றிலிருந்து ஐந்து தடவை மாற்றினேன், ஐந்து தடவையும் எடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?

எங்கள் வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். அம்மாவுக்கு எழுத்து சரியாகத் தெரியாது. போனில் ஒரு பொத்தானை அழுத்திக் கேள்வி கேட்டால் அது குரலில் பதில் சொல்லும் அல்லவா, தம்பிதான் பழக்கிவிட்டுப் போனான். காலையில் எழுந்ததும் அம்மா அதை எடுத்து, "வெண்பறவை கப்பல் என்னாச்சும்மா?" என்று கேட்கிறாள். போன் உங்கள் பக்கத்தின் முதல் வரியை அப்படியே படிக்கிறது. ஒரு பெண் குரல், சிரித்த முகத்தோடு சொல்வது மாதிரி: "பணியாளர் பதினேழு பேரும் இறந்தனர்." அம்மா போனை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போகிறாள். பத்து நிமிடம் கழித்து வந்து மறுபடியும் கேட்கிறாள். பதில் மாறியிருக்குமோ என்று. நேற்று ஒரு தடவை மாறியிருந்தது. "காணவில்லை" என்று படித்தது. அது என் மூன்றாவது திருத்தம். அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்: "ஏய், இங்க வாடி, காணலன்னு சொல்லுது! காணலன்னுதான் சொல்லுது!" நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அம்மா மறுபடி அழுத்தினாள். இறந்தனர்.

ஒரு சொல்தான் கேட்கிறேன் ஐயா. உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கிறது. மிதவையில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கும் என்று உங்கள் களஞ்சியத்திலேயே படித்தேன். படித்திருக்கக் கூடாது.

*

மார்ச் 6
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

அன்புள்ள தையல்காரி,

ஒரே நாளில் ஒரே வரியை மூன்று தடவைக்கு மேல் மாற்றினால் கணக்கு தானாக முடங்கும். உங்களுடையது இரண்டு நாளைக்கு முடங்கியிருக்கிறது. நான் செய்யவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. இந்தப் பேச்சுப் பக்கங்களில் நீங்கள் எழுதலாம்.

வேலை இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன், இருபத்தொரு வருடமாக. படம் எடுப்பது என் வேலை, அதில் என்ன தெரிகிறது என்று சொல்வது டாக்டரின் வேலை. படம் திரையில் வந்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். வெளியே பெஞ்சில் இருப்பவர், "ஏதாவது இருக்கா சார்?" என்பார். "டாக்டர் சொல்வாருங்க" என்பேன். ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டேன். இருந்தது. அந்தம்மா அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்வதில்லை, எழுதப்பட்டதை மட்டும் கையில் கொடுக்கிறேன். இங்கேயும் அப்படித்தான் இருக்கிறேன். கல் மனசு என்று நினைக்க வேண்டாம்.

அச்சில் வந்த ஒரே ஒரு வரியைக் கொண்டுவாருங்கள்.

நத்தை

*

மார்ச் 8
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

நத்தை சார்,

அச்சில் வந்த வரிதானே வேண்டும்? அச்சடிக்கிற இடத்துக்கே போனேன்.

அந்தப் பத்திரிகை அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர், ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அந்தச் செய்தியை எழுதியவரைப் பிடித்துவிட்டேன். கெட்டவர் இல்லை, என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். பதினேழு பேரும் இறந்தார்கள் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "துறைமுகத்துல கப்பல் தொடர்பு இல்லன்னு மட்டும்தான் சொன்னாங்க. எத்தனை பேரு என்ன ஆச்சுன்னு நெட்லதாம்மா பாத்தோம்" என்றார். நெட்டில் எங்கே? கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். உங்கள் பக்கம் சார். ஓரத்தில் எண்ணிக்கை போட்டிருக்கிற அந்தப் பெட்டியும் முதல் வரியும்.

நான் மெட்ரிக் தாண்டாதவள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள், அதில்தான் நீங்கள் கெட்டிக்காரர் ஆயிற்றே. துறைமுகம் பத்திரிகையைப் பார்த்து மனுவைத் திருப்புகிறது. பத்திரிகை உங்களைப் பார்த்து எழுதியிருக்கிறது. நீங்கள் பத்திரிகையைச் சான்று என்று காட்டுகிறீர்கள். மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கிறீர்கள். என் தம்பியை யாருமே பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியில் முதலில் அதை எழுதியது யார் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

*

மார்ச் 9
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

தையல்காரி அம்மா,

பார்த்தேன். நான்தான்.

எல்லாரும் படிக்கிற இந்த இடத்திலேயே எழுதுகிறேன், மறைக்க எனக்கு உரிமை இல்லை. பிப்ரவரி 16-ம் தேதி, மதிய உணவு இடைவேளையில், வெண்பறவைக்குப் பக்கம் தொடங்கியது நான். அப்போது கையில் இருந்தது துறைமுக அறிவிப்பு மட்டும்: தொடர்பு இல்லை, கப்பலில் பதினேழு பேர். பக்கத்தின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டிக்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. கப்பல் விபத்து என்றால் அதில் இறந்தோர், காயமடைந்தோர், உயிர் தப்பியோர் என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் கூட்டினால் கப்பலில் இருந்தோர் எண்ணிக்கை வர வேண்டும், வராவிட்டால் "எண்ணிக்கை பொருந்தவில்லை" என்று சிவப்பாகக் காட்டும். காணாமல் போனவர்களுக்குக் கட்டமே இல்லை. சிவப்பு எழுத்தோடு ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது, அது என் பெரிய பெருமை. சாயங்காலம் வந்து சரிசெய்யலாம் என்று பதினேழை முதல் கட்டத்தில் போட்டேன். சாயங்காலம் மறந்துபோனேன்.

மறுநாள் வேறொருவர் பெட்டியைப் பார்த்து முதல் வரியை எழுதினார். அதற்கு மறுநாள் பத்திரிகை. அதற்கும் மறுநாள் அந்தப் பத்திரிகையைச் சான்றாக ஒட்டியவன் நான். சான்று கிடைத்ததே என்று சந்தோஷமாக ஒட்டினேன்.

இன்று காலை வரியை மாற்றிவிட்டேன். "பதினேழு பேரையும் காணவில்லை." அம்மாவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நத்தை

*

மார்ச் 9
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

ஒரு கட்டம் காலியாக இருந்தது உங்கள் கண்ணை உறுத்தியது. அதை நிரப்ப என் தம்பிதான் கிடைத்தானா.

அம்மா அழுத்திப் பார்க்கவில்லை. நாலு நாளாக அந்தப் போனைத் தொடுவதில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

நீங்கள் கெட்டவராக இருந்திருக்கலாம். திட்டித் தீர்த்திருப்பேன்.

*

மார்ச் 13
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

தையல்காரி அம்மா,

செய்ததை மட்டும் சொல்கிறேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

பத்திரிகை ஆசிரியருக்கு மூன்று கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் எந்த எழுத்து யாருடைய கையால் வந்தது என்று எங்கள் பக்கத்தின் வரலாற்றை வரிவரியாக அச்செடுத்து வைத்தேன். பதில் இல்லை. நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போனேன், ஒருக்களித்துத்தான் ஏறினேன். "சார், இதெல்லாம் இப்ப யாரு படிக்கப்போறாங்க?" என்றார். "துறைமுகத்துல படிக்கிறாங்க, அதான் பிரச்சனை" என்றேன். நாளை திருத்தம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மனுவோடு இணைத்து மறுபடி கொடுங்கள்.

படிவத்தில் நான்காவது கட்டம் வேண்டும் என்று இங்கே விவாதம் நடத்தினேன். வழக்கமாக இப்படி ஒரு விவாதம் ஆறு மாதம் இழுக்கும். ஒருவர் அழகு கெடும் என்றார், ஒருவர் பழைய நாலாயிரம் பக்கங்களை யார் மாற்றுவது என்றார். நான் மாற்றுகிறேன் என்றேன். நேற்று மாலை சேர்ந்துவிட்டது. முதல் பக்கமாக உங்களுடையதில்தான் போட்டேன். காணவில்லை: 17.

தாமதம் என்று தெரியும். ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எண்ணுவதைப் போல இல்லை என்றாலும்.

நத்தை

*

மார்ச் 15
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

நத்தை சார்,

ஏழாம் பக்கத்தின் அடியில், வரன் விளம்பரத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவுக்குப் போட்டார்கள். போதும். அதை வெட்டி ஒட்டி இன்று காலை கொடுத்தோம். முதல் மனுவை வாங்கிய அதே குமாஸ்தா, அதே கண்ணாடி. படித்துவிட்டு, "அப்ப இறந்துட்டாங்கன்னு உறுதி இல்லையா?" என்று எங்களையே கேட்டார். சமையல்காரரின் மனைவி மேசையில் ஓங்கி அடித்தார். "அதைத்தான்யா பதினேழு நாளா சொல்லிக்கிட்டிருக்கோம்!" பக்கத்து அறையிலிருந்து அதிகாரியே வந்துவிட்டார். பதினெட்டாம் தேதி படகு கிளம்புகிறது. இரண்டு நாள் ஓட்டம், இருபதாம் தேதி தீவுகளில் இருக்குமாம்.

இந்தக் கடைசி வேலைக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. படகு திரும்பி வரட்டும்.

அம்மா அலமாரியிலிருந்து போனை எடுத்து சார்ஜ் போட்டிருக்கிறாள்.

*

மார்ச் 29
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

தையல்காரி அம்மா,

படகு திரும்பிவிட்டதாக மட்டும் அறிவிப்பு வந்திருக்கிறது. விசாரணை அறிக்கை வரும்வரை எதுவும் சொல்ல மாட்டார்களாம். நான் கேட்கக் கூடாதுதான். இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

நத்தை

*

ஏப்ரல் 30
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

நத்தை சார்,

அறிக்கை நேற்று வெளியானது. அச்சில் வந்துவிட்டது, அதனால் எழுதலாம்.

மூன்றாவது தீவில், பாறை இடுக்கில், இரண்டாவது மிதவை இருந்தது. அதில் மூன்று பேர். இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு அழித்தேன். மூன்று உடல்கள். மற்ற பதினாலு பேரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 22-ம் தேதி என்னை அழைத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை, காட்டும்படி இல்லை. சட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். நான் அவனுக்குச் சட்டை தைத்தால் உள்பக்கம், இடது அக்குளுக்குக் கீழே, ஒரு சின்ன ரகசியப் பை வைப்பேன். பத்து வயதில் பள்ளிக்குப் போகும்போது பேனா முனையைத் தொலைத்துக்கொண்டே இருந்தான் என்று ஆரம்பித்த பழக்கம். அந்தப் பையின் ஓரத்தை நான் இரட்டைத் தையல் போட்டு மடிப்பேன், உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், அவசியம் இல்லாத வேலை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் "உறவினர் ஆடையைக் கொண்டு அடையாளம் காட்டினார்" என்று போட்டிருக்கிறார்கள். பாருங்கள் சார், என் கண் சான்றாகிவிட்டது. அச்சில் வந்துவிட்டதல்லவா.

இன்னொருவர் சமையல்காரர். பல் எக்ஸ்ரேயோடு ஒத்துப்போனதாம். மூன்றாமவர் மாலுமி.

பதினாலாம் பக்கத்தை நீங்களே படிப்பீர்கள், அதற்கு முன் என் வாயால் சொல்லிவிடுகிறேன். மிதவையின் கூரைத் துணியில் யாரோ கோடு கிழித்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு கோடு. இருபத்திரண்டு கோடுகள். பிப்ரவரி 12-ல் தொடங்கினால் இருபத்திரண்டாவது கோடு மார்ச் 5.

மார்ச் 3-ம் தேதி காலை நான் கட்டிங் மேசையில் உட்கார்ந்து "காணவில்லை" என்று எழுதினேனே, அன்றைக்கு அது உண்மை. "உயிரோடுதான் இருப்பார்கள்" என்று ஆசையில் எழுதினேனே, அதுவும் உண்மை. கோடு கிழித்தவராவது உயிரோடு இருந்தார். நான்கு நிமிடம் அந்தப் பக்கத்தில் சரியான செய்தி இருந்தது.

நான் அதோடு விடவில்லை. இரண்டாவது மனு கொடுத்து ஐந்தாம் நாள் படகு தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் மனுவை பிப்ரவரி 26-ல் எடுத்துக்கொண்டிருந்தால் ஐந்தாம் நாள் மார்ச் 3. விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். எப்படி மடக்கினாலும் மார்ச் 3 தான் வருகிறது. எங்காவது தப்பாக எண்ணியிருக்கிறேனா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் நல்லது.

*

மே 2
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

தையல்காரி அம்மா,

நான்கு தடவை எண்ணினேன். நீங்கள் எண்ணியது சரி.

இதற்கு மேல் என்ன எழுதினாலும் என்னை நானே தடவிக்கொடுப்பதாகிவிடும். உங்கள் தம்பி எண்ணெய் போட்ட கொக்கி வேலை செய்திருக்கிறது. மிதவை இறங்கியிருக்கிறது, மூன்று பேரைக் கரை சேர்த்திருக்கிறது, இருபத்திரண்டு நாள் காத்திருக்கிறது. எல்லாரும் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். நான் என் வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டேன்.

நேற்று ஒரு அம்மா பெஞ்சிலிருந்து, "படத்துல என்ன தெரியுது சார்?" என்று கேட்டார். "டாக்டர் சொல்வாருங்க" என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், டாக்டர் கூப்பிடும்வரை.

இந்தக் களஞ்சியத்தில் இனி எழுதமாட்டேன். வெண்பறவை பக்கத்தை நான் தொடுவது முறையில்லை. அது இப்போது என் வீட்டு விஷயமும் ஆகிவிட்டது.

நத்தை

*

மே 19, காலை 9.40
'நத்தை'யின் பேச்சுப் பக்கத்தில்

நத்தை சார்,

பதினேழு நாளாக நீங்கள் எதையும் தொடவில்லை என்று பார்த்தேன். இப்போது எனக்கு வரலாறு பார்க்கத் தெரியும். நாலாயிரம் பக்கத்துக்கு நான்காவது கட்டம் போடுகிறேன் என்று சவால் விட்டு, ஆயிரத்து இருநூற்று ஆறோடு நிறுத்தியிருக்கிறீர்கள். மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கத்தில் காணாமல் போனவர்கள் எந்தக் கட்டத்தில் கிடக்கிறார்கள்? ஓடிப்போவதை யாரும் பிராயச்சித்தம் என்று சொல்லமாட்டார்கள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். சில நாள் காலையில் மன்னித்துவிடுகிறேன், மதியத்துக்குள் போய்விடுகிறது.

வெண்பறவையின் கடைசி வரியை நான்தான் எழுதினேன். "மூவர் இறந்தனர், பதினாலு பேரைக் காணவில்லை." மே 6-ம் தேதி. உறவினர் தொடக் கூடாது என்று சொல்வீர்கள், பேச்சுப் பக்கத்தில் நான் யார் என்பதை எழுதி, அறிக்கையின் பக்க எண்ணைக் கொடுத்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஒரு நாள் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அப்புறம் எழுதினேன். வேறு யாரோ எழுதி என் அம்மா அதைக் கேட்பதைவிட, நான் எழுதியதைக் கேட்கட்டும். அம்மா அழுத்தினாள். கேட்டாள். அப்புறம், "மீதி பதினாலு பேரு வீட்டுல இன்னும் அழுத்திக்கிட்டு இருப்பாங்கடி" என்றாள். அன்றிலிருந்து தினமும் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாள்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. இன்று காலை எட்டரைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு புதியவர் வந்திருக்கிறார். 'வந்துவிடுவார்' என்று கணக்குக்குப் பெயர். "மூவர்" என்பதை "இருவர்" என்று மாற்றியிருக்கிறார். பதினாலைப் பதினைந்து ஆக்கியிருக்கிறார். காரணம் எழுதும் இடத்தில், "அது அவர் பல் இல்லை" என்று போட்டிருக்கிறார்.

யார் என்று உங்களுக்கும் தெரியும். மனுவில் முதல் கையெழுத்து போட்டவர், மேசையில் அடித்தவர். உடலைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டார். அடக்கத்துக்கும் வரவில்லை.

மாற்றத்தை எடுக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தாக வேண்டும், அறிக்கை சரி, அவர் எழுதியது சரியில்லை. ஆனால் எடுத்தவுடன் உங்கள் அச்சு வாசகம் தானாகப் போய் அவர் பேச்சுப் பக்கத்தில் விழுந்துவிடும். வாழ்த்துகள், ஆச்சரியக்குறி. அதை நிறுத்திவிட்டு என் கையால் ஒன்று எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள், நீங்கள்தானே இதற்கு வாத்தியார்.

"அக்கா, நான் கப்பலில் எண்ணெய் போட்டவனின் அக்கா. நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். அதை மாற்ற வேண்டிவரும். ஆனால் இன்றைக்கு மாற்றவில்லை, நீங்கள் பார்க்காத நேரத்தில் மாற்றவும் மாட்டேன். நாளை காலை பத்து மணி பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அறிக்கையோடு வந்த பல் எக்ஸ்ரே நகல் என்னிடம் இருக்கிறது. பார்க்க வேண்டாம் என்றால் பையிலேயே இருக்கட்டும், சும்மா பேசிக்கொண்டிருப்போம். நீங்கள் எப்போது சொல்கிறீர்களோ அப்போது, நீங்களே, உங்கள் கையால் மாற்றுங்கள். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று காட்டித்தருகிறேன். எனக்கு அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது."

ஒரே ஒரு உதவி வேண்டும். உங்களை மாதிரி நான்கு நிமிடக்காரர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த "இருவர்" அங்கேயே இருக்க வேண்டும். தப்பு என்று தெரிந்தே கேட்கிறேன்.

*

மே 19, காலை 9.52
'தையல்காரி'யின் பேச்சுப் பக்கத்தில்

தையல்காரி அம்மா,

குறிப்பில் குறை எதுவும் இல்லை. அப்படியே அனுப்புங்கள்.

இன்றும் நாளையும் விடுப்பு சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். யார் வந்து "மூவர்" என்று திருத்தினாலும் "இருவர்" என்று திரும்பப் போடுவேன். மூன்று தடவைக்கு மேல் போனால் என் கணக்கு முடங்கும். முடங்குவதற்கு முன் நிர்வாகிகளிடம் சொல்லி, பக்கத்தை யாரும் தொடாதபடி நாளை மாலை வரை பூட்டச் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார்கள். சான்று எதுவும் இல்லை, என்னை நம்புங்கள் என்று எழுதினேன்.

நாளை பஸ்ஸுக்கு நேரத்தோடு கிளம்புங்கள்.

நத்தை